மலைக்கு நடுவே ஒரு லேத் ஊர்: க்ளூஸ் எப்படி உருவானது?

கேள்வி இதுதான்: "ஜெனீவாவிலிருந்து ஷாமொனிக்குப் போகும் வழியில் க்ளூஸ் என்று ஒரு சின்ன ஊர் வருகிறது. சுற்றிலும் பனிமலை, கீழே வரிசையாகத் தொழிற்சாலைக் கொட்டகைகள். சுற்றுலாவை நம்பிப் பிழைக்கும் ஆல்ப்ஸில் இந்த ஊர் மட்டும் ஏன் இப்படி? இன்னும் எத்தனை காலம் தாக்குப்பிடிக்கும்?"

ஒரே சொல்லில் பதில் வேண்டுமென்றால், ஜெனீவா. முந்நூறு வருஷமாக க்ளூஸ் செய்து வந்த வேலையை நம்மூர்ப் பட்டறைப் பேச்சில் 'ஜாப் ஒர்க்' என்று சொல்லிவிடலாம். யாரோ ஒருவர் தன் பெயரில் விற்கும் பொருளுக்கு உள்ளே இருக்கும் சின்ன உறுப்பை இந்த ஊர் செய்து கொடுக்கும். முதலில் ஜெனீவாக்காரர்களின் கடிகாரத்துக்கு, பிறகு கார் கம்பெனிகளுக்கு. பொருளும் முதலாளிகளும் மாறியிருக்கிறார்கள், அந்த உறவு மாறவில்லை. ஊரின் நல்ல காலம், கெட்ட காலம் இரண்டையும் இதை வைத்தே புரிந்துகொள்ள முடியும் என்பது என் எண்ணம்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். க்ளூஸ் இருப்பது பிரான்ஸில், சுவிஸ் எல்லைக்குப் பக்கத்தில். மோன் ப்ளான் பனியாறுகளில் பிறக்கும் ஆர்வ் ஆறு ஷாமொனி வழியாக இறங்கி, க்ளூஸில் இரண்டு மலைகளுக்கு இடையே ஒரு நெருக்கமான வாசலில் புகுந்து வெளியே வருகிறது. அந்த வாசலுக்குக் கீழே பள்ளத்தாக்கு சட்டென்று அகன்று சமவெளி ஆகிவிடும். ஆறு அப்படியே ஜெனீவாவுக்குப் போய் ரோன் நதியில் கலக்கிறது. மலை ஊர் என்று பெயர்தானே தவிர க்ளூஸின் தரைமட்டம் 500 மீட்டருக்கும் குறைவு. மக்கள்தொகை இருபதாயிரத்தைத் தொடவில்லை. பக்கத்தில் இருக்கும் சியோன்சியே, மார்னா, தியே எல்லாம் இதோடு ஒட்டிக்கொண்டு ஒரே தொழில் பேட்டை போல ஆகிவிட்டன. ஃப்ளேன் பனிச்சறுக்குத் தலத்துக்கு ஏறும் சாலை இங்கிருந்துதான் பிரிகிறது. சுற்றுலாக்காரர்கள் பெரும்பாலும் நெடுஞ்சாலையில் காரை நிறுத்தாமலே இந்த ஊரைக் கடந்துவிடுகிறார்கள்.

கதை 1720ஐ ஒட்டித் தொடங்குகிறது. க்ளூஸுக்கு மேலே மலைச்சரிவில் சான் சிஜிஸ்மோன் என்று ஒரு கிராமம். அங்கிருந்து ஜெர்மனிக்குப் போய்க் கடிகாரத் தொழில் கற்றுத் திரும்பிய க்ளோட் ஜோசஃப் பல்லாலூ என்பவர், ஊரில் பட்டறை போட்டு மற்றவர்களுக்கும் கற்றுக்கொடுத்தார் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் வரலாறு. அந்தக் காலத்தில் இந்த மலைக்காரர்கள் பிழைப்புக்காக ஜெர்மன் நாடுகளுக்குப் போவது சாதாரணம். குளிர்காலத்தில் ஐந்தாறு மாதம் நிலத்தில் வேலையே இருக்காது, மாட்டைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்க வேண்டியதுதான். அந்த நேரத்தில் சன்னலோரம் ஒரு மேசையைப் போட்டு, அரத்தை வைத்துக் கடிகார உறுப்புகளை ராவ ஆரம்பித்தார்கள்.

பனிக்காலத்தில் சும்மா இருந்த விவசாயிகள் தொழிலாளி ஆனார்கள் என்பதோடு பலரும் நிறுத்திவிடுகிறார்கள். அது பாதிக் கதைதான். பனிக்காலச் சும்மா ஆல்ப்ஸ் முழுக்க இருந்தது, கடிகாரம் எல்லா இடத்திலும் வரவில்லை. ஜெனீவா ஒருநாள் நடைத் தூரத்தில் இருந்ததுதான் வித்தியாசம். அங்கே கடிகாரத் தொழில் உச்சத்தில் இருந்தது, நகரத்துக் கைவினைஞர்களின் கூலியோ அதிகம். அதனால் நுணுக்கமும் பெயரும் உள்ள கடைசி வேலையைக் கையில் வைத்துக்கொண்டு, அலுப்பான ஆரம்ப வேலையை மலைக்கு அனுப்பினார்கள். க்ளூஸ் பக்கத்துக்கு வந்தது பெரும்பாலும் பினியன், அதாவது கடிகாரத்துக்குள் பெரிய சக்கரத்தோடு கோத்துக்கொண்டு சுழலும் குட்டிப் பல்சக்கரம். அரிசி மணி அளவு எஃகுத் துண்டில் ஆறோ எட்டோ பல் வெட்டி, ஒவ்வொரு பல்லின் விலாவையும் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டும். ஒரு பல் கொஞ்சம் தடித்தாலும் கடிகாரம் நின்றுவிடும். ஆனால் இதைச் செய்தவன் பெயரைக் கடிகாரத்தில் எங்கும் தேட முடியாது. முகப்பில் ஜெனீவாக்காரர் பெயர்தான் இருக்கும்.

இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். அப்போது இது பிரான்ஸே இல்லை. சவோய் நாடு, தூரின் நகரத்திலிருந்து ஆண்ட சார்டீனிய அரசரின் கையில் இருந்தது. 1844இல் ஒரு தீ க்ளூஸை ஏறக்குறைய முழுசாக விழுங்கியது. அரசர் சார்ல் அல்பேர் ஆட்சியில் ஊரைப் புதிதாகக் கட்டினார்கள், அதுவும் தூரின் பாணியில்: நேர்கோட்டுத் தெருக்கள், அகலமான முதன்மை வீதி, தாழ்வாரத்தை ஒட்டி வளைவுத் தூண்கள். மலையூருக்குச் சம்பந்தமே இல்லாத இந்த இத்தாலிய வீதியை இன்றும் பார்க்கலாம்.

தீக்குப் பிறகு வந்தவற்றில் முக்கியமானது வீதி அல்ல, பள்ளிக்கூடம். 1848இல் அரசாங்கமே க்ளூஸில் கடிகாரத் தொழிற்பள்ளி தொடங்கியது. ஊர் எரிந்து தொழில் அழிந்துவிடுமோ என்ற பயத்தில் எடுத்த முடிவு அது. ஆஷீல் பெனுவா என்ற பிரெஞ்சுக் கடிகாரக் கலைஞர் முதல் தலைவராக வந்தார். அதுவரை அப்பன் மகனுக்குக் கைப்பழக்கமாகச் சொல்லிக்கொடுத்த வேலை இப்போது வரைபடம், கணக்கு, அளவு என்று பாடமானது. பின்னாளில் கடிகாரம் போய் வேறு வேலை வந்தபோது ஊர் சமாளித்ததற்குப் பெரிய காரணம் இந்தப் பள்ளி என்றுதான் நான் நினைக்கிறேன். பினியன் மட்டும் ராவத் தெரிந்தவன் பினியன் ஆர்டர் நின்றதும் நடுத்தெருவுக்கு வந்துவிடுவான். வரைபடம் பார்த்து உறுப்பு செய்யத் தெரிந்தவனுக்கு வேறு வரைபடம் கிடைத்தால் போதும்.

1860இல் சவோய் பிரான்ஸோடு சேர்ந்தபோது ஒரு வேடிக்கை நடந்தது. இந்த வட்டாரத்து ஜனங்களுக்கு பாரிஸ் எங்கோ இருந்தது, சந்தையும் கூலியும் ஜெனீவாவில் இருந்தன. சுவிட்சர்லாந்தோடு சேர்ந்துவிடலாம் என்று பேசியவர்களும் உண்டு. அவர்களைச் சமாதானப்படுத்த, இந்த வடக்குப் பகுதி முழுவதையும் சுங்க வரி இல்லாத மண்டலமாக வைப்பதாக வாக்குக் கொடுத்தார்கள். பொதுவாக்கெடுப்பில் இங்கே 'ஆம், மண்டலத்தோடு' என்று அச்சடித்த சீட்டைத்தான் ஜனங்கள் போட்டார்கள். அதனால் நாடு மாறியும் ஜெனீவாத் தொடர்பு அறுபடவில்லை. முதல் உலகப் போருக்குப் பிறகு, 1923இல்தான் பிரான்ஸ் தன் சுங்கச் சாவடிகளை உண்மையான எல்லைக்கே நகர்த்தியது.

இதற்கிடையில் ரயில் வந்தது, ஆற்றிலிருந்து மின்சாரம் வந்தது, வீட்டுச் சன்னலோர வேலை தொழிற்சாலைக்குள் போனது. தொழிற்சாலை என்றால் முதலாளி, சங்கம், தகராறு. 1904இல் க்ளூஸ் பெயர் பிரான்ஸ் முழுக்கப் பத்திரிகையில் அடிபட்டது, காரணம் ரத்தம். க்ரெத்தியே குடும்பத்தின் கடிகார உறுப்புத் தொழிற்சாலையில் நகரசபைத் தேர்தலை ஒட்டி ஏழு தொழிலாளிகளை வேலையை விட்டு நீக்கினார்கள். முதலாளி தரப்பு வேட்பாளர் பட்டியலுக்கு எதிராக நின்றதுதான் அவர்கள் செய்த குற்றம் என்று மற்றவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். மே மாதம் தொடங்கிய இழுபறி இரண்டு மாதத்துக்கும் மேல் ஓடியது. ஜூலை 18 அன்று ஊர்வலம் தொழிற்சாலைப் பக்கம் வந்தபோது முதலாளியின் மகன்கள் உள்ளேயிருந்து துப்பாக்கியால் சுட்டார்கள். மூன்று பேர் செத்தார்கள், பல பேருக்குக் காயம். கொதித்த கூட்டம் தொழிற்சாலைக்குத் தீ வைத்தது. ஆனெசி நீதிமன்றத்தில் விசாரணை நடந்தது. தீ வைத்ததாகப் பிடிபட்ட தொழிலாளிகள் விடுதலையானார்கள், சுட்ட மகன்களுக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது. மூன்று உயிருக்கு அது மிகச் சின்னத் தண்டனை. அமைதியான மலைவாசிகள் என்று படம் போடுகிறவர்கள் இந்தப் பகுதியைச் சத்தமில்லாமல் தாண்டிவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

சரி, கடிகாரத்திலிருந்து கார் உறுப்புக்கு எப்படி வந்தார்கள்? நடுவில் ஒரு இயந்திரம் இருக்கிறது. இந்த ஊர்த் தொழிலுக்குப் பிரெஞ்சில் தெகொல்தாஜ் என்று பெயர். நீளமான உலோகக் கம்பியை லேத்தில், அதாவது கடைசல் இயந்திரத்தில் கொடுத்து, கடைந்து, துண்டாக வெட்டி, ஒரே மாதிரி உறுப்புகளை ஆயிரக்கணக்கில் உதிர்ப்பது. சாதாரண லேத்தில் கடைய வேண்டிய உலோகம் ஒரே இடத்தில் நின்று சுழலும், டூல், அதாவது வெட்டும் உளி, அதன் நீளத்துக்கு நகர்ந்து சீவும். இரண்டு மில்லிமீட்டர் தடிமன் கம்பியை அப்படிக் கடைந்தால் டூல் அழுத்தத்தில் கம்பி வளைந்து அளவு கெட்டுவிடும். கடிகார அச்சுக்காக 19ஆம் நூற்றாண்டில் சுவிட்சர்லாந்தில் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். டூலை நீளவாக்கில் நகர்த்தாமல் கம்பியைப் பிடித்துச் சுழற்றும் தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக்கையே நகரவிட்டார்கள். கம்பி ஒரு கைடு புஷ், அதாவது அதை இறுக்கமாகத் தாங்கும் துளை வளையம் வழியாக வெளியே வரும், வரும் வாசலிலேயே டூல் அதைச் சீவிவிடும். தாங்கலுக்குப் பக்கத்திலேயே வெட்டுவதால் வளைய இடமே இல்லை. அதனால் தலைமுடித் தடிமனில் பத்தில் ஒரு பங்கு வரை பிசகாமல் அளவு நிற்கும்.

மூளை மாதிரி வேலை செய்தது கேம். ஒரு தண்டில் கோணல்மாணலான சில தகடுகள் மாட்டியிருக்கும். அந்தத் தகட்டின் மேடுபள்ளம்தான் எந்த டூல் எப்போது எவ்வளவு உள்ளே போக வேண்டும் என்று சொல்லும். தண்டு ஒரு சுற்று சுற்றினால் ஒரு உறுப்பு முடிந்து எண்ணெய்த் தட்டில் விழும். புது உறுப்புக்கு ஆர்டர் வந்தால் கணக்குப் போட்டுப் புதுத் தகடு வெட்டி, அரத்தால் ராவிச் சரிசெய்து, டூல்களைக் கட்டி ஓடவிட வேண்டும். இதைச் செய்பவர்தான் செட்டர். பள்ளத்தாக்கில் நல்ல செட்டருக்கு இருந்த மரியாதை சின்ன முதலாளிக்குக் கூட இருந்திருக்காது. கணினி லேத் வந்த பிறகு தகடு போய் புரோகிராம் வந்துவிட்டது. டூல் எங்கே தேயும், எந்தக் கம்பி எப்படிச் சுருள் விடும் என்ற அனுபவ அறிவு மட்டும் இன்னும் ஆளிடம்தான் இருக்கிறது.

இந்தத் தானியங்கி லேத்கள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பள்ளத்தாக்குக்கு வந்தன. முதல் உலகப் போரில் குண்டு உறுப்புகளுக்குக் கணக்கில்லாத தேவை. பிறகு சைக்கிள், ரேடியோ, கார், மின்சாதனம் எல்லாவற்றுக்கும் திருகும் அச்சும் ஊசியும் தேவைப்பட்டன. பினியன் செய்த அதே கையும் கண்ணும் இதற்கும் பொருந்தின. இரண்டு மூன்று பழைய லேத்தை வாங்கி வீட்டுக் கீழ்த்தளத்தில் போட்டுவிட்டு, மேலே குடித்தனம், பின்னால் மாடு என்று இருந்தவர்கள் ஏராளம். மூன்று மீட்டர் கம்பி குழாய்க்குள் சுழலும்போது கடகடவென்று ஒரு சத்தம் வரும். ராத்திரி முழுக்க அந்தச் சத்தத்தில்தான் குடும்பம் தூங்கும். கம்பி தீர்ந்தால் ஓசை மாறும், யாராவது எழுந்துபோய் அடுத்த கம்பியைச் செருக வேண்டும். காற்றில் வெட்டெண்ணெய் (உலோகம் சீவும்போது ஊற்றும் எண்ணெய்) வாசனை, முற்றத்தில் சீவி விழுந்த பித்தளைச் சுருள் குவியல். அந்தச் சுருளைச் சுழற்றி எண்ணெயைப் பிழிந்து எடுத்துவிட்டு உலோகக்காரனுக்கே திருப்பி விற்பார்கள். பல உறுப்புகளில் உறுப்பாக மிஞ்சுவதைவிடச் சுருளாகப் போவதுதான் அதிகம் என்பதால் அந்தக் காசும் லேசுப்பட்டதல்ல.

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய முப்பது வருஷம் பொற்காலம். உள்ளூர் ஆள் போதாமல் இத்தாலியர், பிறகு போர்ச்சுக்கீசியர், வட ஆப்பிரிக்கர், துருக்கியர் வந்து சேர்ந்தார்கள். பிரான்ஸில் நடக்கும் தெகொல்தாஜ் வேலையில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு இந்த ஒரு பள்ளத்தாக்கில் குவிந்தது. தொழிலுக்கென்றே ஒரு தொழில்நுட்ப மையம் க்ளூஸில் 1960களில் அமைந்தது.

ஜாப் ஒர்க் ஊர் என்று சொன்னேன் அல்லவா, அதற்கு விதிவிலக்கும் உண்டு. தூண்டில் போடும் பழக்கம் உள்ளவர்கள் மிட்செல் ரீலைக் கேள்விப்பட்டிருப்பார்கள். அமெரிக்காவில் ஒரு தலைமுறையே கையில் வைத்திருந்த மிட்செல் 300 க்ளூஸில் பிறந்தது. செய்தது கார்பானோ எ போன்ஸ் என்ற பழைய கடிகார உறுப்புக் கம்பெனி. கடிகாரக்காரன் கையில் மீன்பிடி ரீல் கிடைத்தால் என்ன ஆகும்? உள்ளே இருக்கும் பல்சக்கரங்கள் கடிகாரம் போலவே ஓடும், அதுதான் அதன் புகழ். ஆனால் அமெரிக்க விற்பனையை நம்பியிருந்த கம்பெனி ஆசியப் போட்டியில் தடுமாறி 1980களில் நொடித்தது. ரீல் இன்றும் வருகிறது, க்ளூஸில் செய்வதில்லை. இரண்டாவது விதிவிலக்கு 1969இல் இங்கே தொடங்கிய சோம்ஃபி. சன்னல் மறைப்பையும் ஷட்டரையும் சுருட்டும் குழாய் வடிவ மோட்டாரில் உலகச் சந்தையையே பிடித்தது. சொந்தப் பெயரில் பொருள் விற்றால் எவ்வளவு உயரலாம் என்பதற்கு ஊருக்குள்ளேயே இருக்கும் சாட்சி சோம்ஃபிதான். மற்றவர்கள் ஏன் அந்த வழியில் போகவில்லை என்று கேட்டால், ஆர்டர் நிறைய வந்துகொண்டிருக்கும்போது எவருக்கும் அந்த யோசனை வராது என்றுதான் சொல்வேன்.

அந்த ஆர்டர்கள் மெல்ல மெல்ல ஒரே திசையிலிருந்து வர ஆரம்பித்தன: கார். என்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர், பிரேக் வால்வு, டர்போ உறுப்பு என்று பள்ளத்தாக்கின் பாதிக்கும் மேற்பட்ட வேலை காரை நம்பியது. கார் கம்பெனியோடு பேரம் வேறு மாதிரி. லட்சக்கணக்கில் ஆர்டர் தருவார்கள், வருஷா வருஷம் விலையைக் குறைக்கச் சொல்வார்கள், பத்து லட்சத்தில் எத்தனை உறுப்பு பழுது என்று கணக்குக் கேட்பார்கள். ஒரு உறுப்பின் விலையில் சென்ட்டின் சில்லறைக்குக் கூடச் சண்டை. சின்னப் பட்டறைகள் இதில் தாக்குப்பிடிக்க முடியாமல் பெரியவர்களிடம் சேர்ந்தன. 1990களின் கடைசியிலும் 2000களிலும் வாரிசு இல்லாத குடும்பக் கம்பெனிகளை அமெரிக்க நிறுவனங்களும் முதலீட்டு நிதிகளும் வாங்கின. கம்பெனியை வாங்குவதற்காக எடுத்த கடனை அந்தக் கம்பெனியின் தலையிலேயே கட்டும் ஏற்பாடு பல இடங்களில் நடந்தது. 2008இன் இறுதியில் கார் விற்பனை விழுந்ததும் ஆர்டர் சில வாரத்தில் பாதியானது, கடன் மட்டும் அப்படியே இருந்தது. ஊர் அதுவரை கண்ட மோசமான குளிர்காலங்களில் அதுவும் ஒன்று.

காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும், இந்தப் பள்ளத்தாக்கு பிரான்ஸில் இப்போது அதிகம் பேசப்படுவது அதற்காகத்தான். பனிக்காலத்தில் குளிர்ந்த காற்று கீழே தேங்கி, வெதுவெதுப்பான காற்று மேலே மூடிபோல உட்கார்ந்துவிடும். கீழே உள்ள புகைக்கு வெளியே போக வழியில்லை. மேலே பனிச்சறுக்குத் தலத்தில் நீல வானம், கீழே க்ளூஸில் பழுப்பு மூட்டம். நுண்துகளால் பள்ளத்தாக்கில் வருஷத்துக்குச் சுமார் 85 பேர் இறக்கிறார்கள் என்று பிரான்ஸின் பொதுச் சுகாதார நிறுவனம் 2017இல் மதிப்பிட்டது. மோன் ப்ளான் சுரங்கப்பாதைக்குப் போகும் லாரிகள்மேல்தான் ஊர்க்காரர்களுக்குக் கோபம் அதிகம். லாரிக்குப் பங்கு உண்டுதான், ஆனால் குளிர்காலத் துகளில் பெரும்பங்கு வீடுகளில் எரிக்கும் விறகிலிருந்து வருகிறது. அதனால் பழைய அடுப்பை மாற்ற 2013 முதல் உதவித்தொகை கொடுத்தார்கள். தொழிற்சாலைகளுக்கும் தனிக் கணக்கு இருக்கிறது. வெட்டெண்ணெய், அதைக் கழுவப் பல பத்தாண்டுகள் பயன்படுத்திய ரசாயனக் கரைப்பான்கள், ஆற்றில் சேர்ந்த உலோகங்கள். ஆர்வ் ஆற்றைச் சுத்தமாக்கும் திட்டத்தில் பட்டறைகளையும் சேர்த்துக்கொண்டு வேலை நடக்கிறது.

இன்னும் எத்தனை காலம் என்ற கேள்விக்கு வருகிறேன். மின்சார காரில் இன்ஜெக்டர் கிடையாது, டர்போ கிடையாது, கடைந்த உறுப்புகள் கணிசமாகக் குறையும். டீசல் சரிந்தபோதே சில கம்பெனிகளுக்கு அடி விழுந்தது. விமானம், எலும்பில் போடும் மருத்துவத் திருகு, மின் இணைப்பு ஊசி என்று வேறு வேலை தேடுகிறார்கள். சுவிஸ் ஆடம்பரக் கடிகாரக் கம்பெனிகளுக்கு உறுப்பு செய்பவர்களும் இருக்கிறார்கள். இயந்திரமும் அறிவும் இருப்பதால் வேலை அடியோடு போய்விடும் என்று நான் நினைக்கவில்லை. கார் ஆர்டரின் எண்ணிக்கை வேறு எதிலும் வராது என்பதால் ஊர் சுருங்கும் என்றுதான் நினைக்கிறேன்.

எனக்குப் பெரிய கவலையாகத் தெரிவது மின்சார கார் அல்ல, ஆள். எல்லைக்கு அந்தப்புறம் ஜெனீவாவில் அதே லேத்துக்கு முன்னால் நின்றால் சம்பளம் இரண்டு மடங்கு வரை கிடைக்கும். 2019 டிசம்பரில் இந்தப் பள்ளத்தாக்கை ஜெனீவாவோடு இணைக்கும் லெமான் எக்ஸ்பிரஸ் ரயில் ஓடத் தொடங்கியதிலிருந்து போய்வருவது இன்னும் எளிதாகிவிட்டது. க்ளூஸ் பள்ளியில் படித்து, க்ளூஸ் பட்டறையில் நான்கைந்து வருஷம் கைபழகிய பையன் காலையில் ரயில் ஏறிவிடுகிறான். எல்லை தாண்டிப் போய் வேலை பார்ப்பவர்களின் சம்பளத்தால் வீட்டு வாடகையும் ஏறியிருக்கிறது, அதனால் உள்ளூர்ச் சம்பளத்தில் இருப்பவனுக்கு இரட்டை அடி. முன்பு ஜெனீவா வேலையை மேலே அனுப்பியது, இப்போது வேலைக்காரனைக் கீழே இழுக்கிறது. கம்பெனிகள் கூலியை ஓரளவு உயர்த்துகின்றன, ஆளைக் குறைக்கத் தானியங்கிக் கைகளை வாங்குகின்றன, பயிற்சிப் பள்ளிக்குப் பிள்ளைகளைப் பிடிக்கத் தொழிற்சாலையைத் திறந்து காட்டுகின்றன. மாதச் சம்பளத்தைச் சுவிஸ் பிராங்கில் எண்ணிப் பார்த்தவனிடம் இது எவ்வளவு எடுபடும் என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.